தனித் தட்டு

மேசைய மடிச்சிடாதீங்க நர்ஸம்மா. ஒரு அரை மணி நேரம் பொறுங்க. டிரைவர் ஹாரன் அடிச்சா அடிச்சுக்கட்டும், அவருக்கென்ன, அவரு வீட்டுப் புள்ளையா?

ஆமா, எச்.ஐ.வி. சோதனை வண்டி வந்து நின்ன காலையிலேர்ந்து மூணே பேருதான். நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். நாலாவது ஆளு அதோ நிக்கறா பாருங்க, அடிபம்புகிட்ட, மஞ்சத்துணி கட்டிக்கிட்டு. ஒரே பக்கெட்ட மூணாவது தடவையா ரொப்பறா. என் மருமக தொவேரா. ஏழு மாசம். என் மகன் எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க்ல வேலையில இருக்கான், வருசத்துக்கு ஒருக்கா வருவான், போவான். அங்க எப்படி இருக்கானோ, யாரு கண்டா. இவ இன்னும் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கல. போனா ரத்தம் எடுப்பாங்கல்ல. இப்பவே தெரிஞ்சா வயித்துல இருக்கறதுக்கு ஒட்டாமக் காப்பாத்தலாம்னு நீங்கதானே போன தடவை சொன்னீங்க. அதான் கெஞ்சறேன்.

ஊசியா? ஐய, ஊசிக்கெல்லாம் அவ பயப்படல. தட்டுக்குப் பயப்படறா.

எங்க ஊரு எழவு வீட்ல சாப்பிட்டிருக்கீங்களா? பெரிய பானையில களி கிண்டி, ஒரு தட்டுக்கு நாலஞ்சு பொம்பளைங்க சுத்தி உக்காந்து, ஒரே தட்டுல கை போட்டுச் சாப்பிடுவோம். நாலு வருசம் முன்னாடி எஸ்னாத்துன்னு ஒருத்தி, புருசன் செத்ததும் போயி சோதிச்சுட்டு வந்து, எனக்கு இருக்குன்னு சர்ச்சுல எழுந்து நின்னு சொன்னா. பாவி, உண்மையச் சொன்னா. அடுத்த எழவுல அவளுக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் தட்டு. யாரும் ஏசல, அடிக்கல. எல்லாரையும்விட மீனுகூட ரெண்டு அதிகமாத்தான் இருந்துது. அவ வெறகுக் கட்டுமேல உக்காந்து ஒத்தையாச் சாப்பிட்டா. அன்னையோட சரி, இந்த ஊர்லேர்ந்து ஒருத்தி சோதனைக்கு வரல. நடுவுல ரெண்டு கைக்குழந்தை போச்சு. எதுனால போச்சுன்னு யாரும் கேக்கல.

அந்தத் தட்ட வெச்சது யாரா? நான்தான். சர்ச்சு மாதர் சங்கத் தலைவி இல்லையா, யாரு எங்க உக்காரணும்னு நான்தானே சொல்லணும்.

திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. போன சனிக்கிழமை எழவுல நானே எஸ்னாத் கையப் புடிச்சு இழுத்தாந்து எம்பக்கத்துல உக்கார வெச்சேன். ஒரே தட்டு. அவ புட்ட களியில நான் புட்டுத் தின்னேன். பானைகிட்ட நின்னவளுங்க அத்தனை பேரும் அகப்பையைப் புடிச்சபடியே பாத்தாளுங்க. மறுநாள் விடிஞ்சதும் மூணு பேரு என் வாசல்ல வந்து, வண்டி என்னைக்கு வருதுன்னு மெதுவாக் கேட்டாங்க. அந்த மூணு பேருதான் உங்க நோட்டுல இருக்கறது. பாத்தீங்களா, ஒரு வேளைச் சோறு.

ஆனா இவ மசியல. இன்னைக்குக் காலையில கஞ்சிய எம்முன்னாடி வெச்சுட்டுச் சொல்றா, அத்தை, அது நீங்க எஸ்னாத்துக்குப் போட்ட பிச்சை. இந்த வீட்லயே ஒருத்திக்கு இருந்தா அவளையும் அந்த வெறகுக் கட்டுலதான் உக்கார வெப்பீங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா.

நீங்க போயிப் பேசி என்ன ஆவப்போவுது? மாத்திரை இருக்கு, தெனம் ஒண்ணு, ஒரே நேரத்துல, ஒரு நாளும் விடக்கூடாது. மொதல்ல ரெண்டு வாரம் தலை சுத்தும், கெட்ட கெட்ட கனவா வரும், அப்புறம் சரியாயிடும். அதானே சொல்லுவீங்க? அதெல்லாம் நானே சொல்லிடுவேன்.

இல்ல, எஸ்னாத் சொல்லிக் குடுக்கல.

மூணு மாசத்துக்கு ஒருக்கா தங்கச்சியப் பாக்கப் போறேன்னு பஸ் ஏறுவேன். அந்த ஊர்ல எனக்குத் தங்கச்சியே கெடையாது. பெரியாஸ்பத்திரிதான் இருக்கு. அந்தத் தட்டு வெச்சேனே, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி அங்க மாத்திரை வரிசையில எனக்குப் பின்னாடியே நின்னா எஸ்னாத். என்னைப் பாத்துட்டா. பயந்துட்டேன் நர்ஸம்மா. அவளத் தள்ளி உக்கார வெச்சா, நாளைக்கு அவ என்னைப் பத்திச் சொன்னாலும் வயித்தெரிச்சல்ல பேசறான்னு போயிடும்ல. அவ தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, நன்றிம்மான்னு வாங்கிக்கிட்டா. இன்னை வரைக்கும் வாயத் தெறக்கல.

இந்தாங்க என் ஆஸ்பத்திரி நோட்டு. மாவுப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன், மாவத் தட்டிட்டுப் பாருங்க. தேதியோட சத்தமாப் படிங்க, பம்பு வரைக்கும் கேக்கணும்.

அடுத்தவங்க ரகசியத்த நீங்க சொல்லக்கூடாதா? சரி, உங்க வேலைக்கு வினை வேணாம். பக்கத்துல ஒரு நாற்காலி மட்டும் போடுங்க.

ஏ தொவேரா. அந்தப் பக்கெட்ட எறக்கி வெச்சுட்டு இப்படி வா. அத்தைக்கு அந்த நோய் ஆறு வருசமா இருக்கு. வந்து பக்கத்துல உக்காரு.