பேர் கேட்ட பிஷப் துரை

பொழுது சாஞ்சு, மழ தூறிக்கினு இருந்த நேரம்... பங்காருபாளையம் தாண்டி மாந்தோப்புக்குள்ள போற மண் ரோடு. ஈ காக்கா இல்ல. நம்ம கூட்டாளி பிரபாகரோட மச்சான் பாஸ்கர் ஜேசிபி ஓட்டிக்கினு போறான். தோப்பப் புதுசா வாங்கின ரங்கையா முன்னால பைக்குல.

தோப்பு நடுவுல ஒரு சமாதி. அத இடிக்கத்தான் போறாங்க. வெள்ளக்கார பிஷப் துரை சமாதி. வெள்ளக்காரன் ஆண்ட காலத்துல, வாலிப வயசுல சீமையிலருந்து வந்தவரு. பொண்டாட்டி, கொழந்த ரெண்டு பேரையும் காலராவுக்குக் குடுத்துட்டு, இங்கயே பொதச்சாரு. திரும்பிப் போவல. தெலுங்கு கத்துக்கினு, குதிர மேல ஊர் ஊரா சுத்தினாரு. சேரி ஜனம் முட்டி போடும். ஒவ்வொருத்தர் பேரா கேட்டு, தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுவாரு. அது பெரிய மனுஷங்களுக்குப் பொறுக்கல. இதே ரோட்ல மடக்கி, தடியால மண்டயப் பொளந்தாங்க. அந்த ரத்தத்தோட எழுந்து போயி, காத்துக்கினு இருந்த ஜனங்க தலையில கை வெச்சிக்கினே செத்தாரு.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? இடி!"ன்னான் ரங்கையா.

பாஸ்கர் பக்கெட்ட எறக்கினான். டமார்... கல்லு ரெண்டாச்சு. உள்ளருந்து பச்ச ரத்த வாட. அதோட... நனஞ்ச குதிர வாட.

ரங்கையா சிரிச்சிக்கினே குனிஞ்சு பாத்தான். சிரிப்பு நின்னுது. முட்டி மடங்குது... யாரோ தலையப் புடிச்சு அமுக்கறாப்போல. "ரங்கையா! ரங்கையா!"ன்னு தன் பேரையே அலறறான். கழுத்து தோளுக்குள்ள எறங்குது... மடக்! மூக்கு, காது எல்லாம் ரத்தம் பீச்சி, ஜேசிபி கண்ணாடியில அடிச்சுது.

அப்போ பாஸ்கர் உச்சந்தலையில ஒரு கை. சில்லுனு... அஞ்சு வெரலும் தெரியுது. காதுகிட்ட கொழகொழன்னு வெள்ளக்காரத் தெலுங்கு.

"நீ பேரேமி?"

பேர் சொன்னவன் கதி கண்ணு முன்னாடி கெடக்குது. பாஸ்கர் வாயில வந்தது தம்பி பேரு. தூக்கி வளத்த தம்பி...

"கிரண்குமார்."

கை வெலகிச்சு.

சித்தூர் ரோட்டுக்கு ஓடிக்கினே போன் போடறான். தம்பிக்குத் திருப்பதி லாட்ஜுல வேல. ரிங் போவுது... எடுக்கல. மறுபடி போடறான்... எடுக்கல. கடைசியில எடுத்தது கூட வேல செய்ற யோகேஷ். அழுவறான்.

"அண்ணா... ரூம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துது. ஒடச்சோம். முட்டி போட்டுக்கினு இருக்கான். கழுத்தே இல்லண்ணா..."

பாஸ்கர் போன காதோட அமுக்கிக்கினான்.

"ஒடைக்கறதுக்கு முன்னாடி கதவுல காத வெச்சேன்ணா. கத்தல அவன். பள்ளிக்கூடத்துல பேர் கூப்ட்டா சொல்ற மாதிரி, பவ்யமா சொன்னான்...

ஆமாங்க, நான்தான்னு."