தினமும் வராத வண்டி

— வண்டியை நிறுத்தினது நீங்கதானுங்களே, தீனண்ணா. நானா வேண்டாம்னேன்?

— நான் நிறுத்தலீங்க, அம்மிணி. மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால கம்பம் நட்டாச்சு. கோழி ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கழிவு வண்டி கோயில் வீதியில எப்படிங்க வரும்? நீங்களே சொல்லுங்க.

— கம்பம் நட்டது போன செவ்வாக்கெழமை. அதுக்கு முந்தி மட்டும் ஒழுங்கா வந்தீங்களாக்கும்? அக்ரிமெண்டுல தெனமும்னுதானே போட்டிருக்குது. ஒரு நாள் வருவீங்க, அப்பறம் ஆளையே காணோம். கேட்டா டயர் பஞ்சரும்பீங்க. இல்லாட்டி டிரைவர் ஊட்டுல எழவும்பீங்க. அந்த டிரைவர் ஊட்டுல இன்னும் எத்தனை பேருதானுங்க மிச்சம் இருக்கறாங்க?

— வாய் மட்டும் குறைச்சலில்லீங்க உங்களுக்கு. கேட்டாச் சிரிப்புத்தான் வருது. ஏனுங்க, ஊட்டுக்காரர் போர் போடற ரிக்கு வண்டியோட வடக்கதானே இருக்கறாரு?

— சட்டீஸ்கர்ல. அதுக்கும் இதுக்கும் என்னங்க?

— ஒண்ணுமில்லீங்க. தனியாக் கெடந்து இத்தனையும் பாக்கறீங்களேன்னு கேட்டேன்.

— தனியா இல்லீங்ணா. கூட உரிக்கறதுக்குக் குப்பாயக்கா இருக்கறா. டீ வாங்கப் போயிருக்கறா.

— பாத்தேன், பாத்தேன். நாந்தான் சித்த நேரங்கழிச்சு வந்தாப் போதும்னு சொன்னேன்.

— அவளை எதுக்குங்க நீங்க நிக்க வெச்சீங்க?

— நாம ரெண்டு பேரும் பேசறதை அவ கேக்க வேண்டாமுன்னுதான். உங்க நல்லதுக்குத்தான். கோவிச்சுக்காதீங்க.

— நேராச் சொல்லிருங்ணா. சுத்தி வளைச்சுப் பேசாதீங்க.

— அந்த ட்ரம்மு எங்கீங்க? பொறவாசல்ல நிக்குமே, நீல ட்ரம்மு.

— அங்கயேதான் நிக்குது. காலியா.

— கழுவிக் கவுத்தி வெச்சிருக்கறாப்ல. எங்கிட்ட இருந்தப்ப அது இப்படிக் காலியாக் கெடந்ததே இல்லீங்களே.

— எப்படிங்க கெடக்கும்? இறகும் கொடலும் நெறைஞ்சு மூடியைத் தூக்கிக்கிட்டு நின்னுது. பக்கத்துத் தையல்கடை மதுமதி வாயையும் மூக்கையும் துணியில கட்டிக்கிட்டு மிஷின் மிதிச்சா. ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துது. பேரூராட்சியில இருந்து ஆள் வந்து, நாளைக்கும் இது இங்க இருந்தாக் கடையைப் பூட்டிருவோம்னு சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குப் போன் மேல போன். எடுத்தீங்களா?

— அதனால சின்னுசாமியைக் கூப்புட்டீங்க.

— எந்தச் சின்னுசாமி?

— டெம்போ வெச்சிருக்கற சின்னுசாமிங்க. விடியறதுக்கு முந்தித் தோட்டத்துத் தடத்துல வந்து பொறவாசல்ல ஏத்திக்கிட்டுப் போறவன். எத்தனை சின்னுசாமி தெரியும் உங்களுக்கு?

— ஆமாங்க. கூப்புட்டேன். அதுல என்ன தப்பு? அவன் கோயில் வீதிக்கே வரலை. ட்ரம்மைக் கழுவி வேற குடுத்தான். உங்க ஆளு ஒரு நாளாச்சும் கழுவியிருக்கறானா?

— அவன் அதைக் கொண்டுபோய் எங்க கொட்டறான்னு கேட்டீங்களா?

— அவன் எடுத்துட்டுப் போனாப் போதாதுங்களா?

— எங்கிட்டக் கேட்டீங்களே, அம்மிணி. அக்ரிமெண்டு போட்ட அன்னிக்குத் துருவித் துருவிக் கேட்டீங்க. மீன் குட்டைக்குப் போடுவீங்களா, குழி தோண்டி மூடுவீங்களா, ஏரிக்கரையில கொட்டிட்டு ஓடிருவீங்களான்னு. போட்டோ வேணும்னீங்க. அனுப்பினேன். அவங்கிட்ட மட்டும் ஏனுங்க கேக்கலை?

— கேக்கலை.

— அதாங்க, ஏன்?

— பயமா இருந்துது. கேட்டா அவன் பதில் சொல்லிருவான். சொல்லிட்டா நான் தெரிஞ்சவளா ஆயிருவேன். அந்த ட்ரம்மு எப்படியோ காலியாப் போனாப் போதும்னு இருந்துதுங்ணா. மொத நாள் அவன் எடுத்துட்டுப் போனதும், கதவைச் சாத்திக்கிட்டுத் தரையில ஒக்காந்து அழுதேன். வெசனத்துல இல்லை. அத்தனை நிம்மதி. இதையெல்லாம் போய் உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியலை.

— எல்லாரும் அப்படித்தானுங்க. கண்ணுல படாமப் போனாச் சரிங்கறவங்கதான் எனக்குச் சோறு போடறவங்க. உங்களைக் குத்தம் சொல்ல வரலை.

— எங்க கொட்டினான்?

— கெணத்துல.

— எந்தக் கெணத்துல?

— கோயில் கெணத்துலீங்க. இன்னிக்கு விடிகாலம் எடுத்தானே, அந்தப் பைங்களைத்தான்.

— பொய்.

— ஸ்ரீதேவி சிக்கன் சென்டர்னு செவப்பு எழுத்துல போட்ட பை. பக்கத்துல ஒரு சேவல் சிரிச்சுக்கிட்டு நிக்கும். வெட்டப்போற கோழி எதுக்குச் சிரிக்குதுன்னு எனக்கு எப்பவும் ஒரு ரோசனை.

— அது போன் நம்பர் தப்பா அச்சான பைங்க. வியாபாரத்துக்கு ஆகாது, வீணாப் போகக் கூடாதுன்னு கழிவைக் கட்டறதுக்கு எடுத்துக்கிட்டேன்.

— ஊர்ல எல்லாரும் பேரு தெரியாத கறுப்புப் பையில கட்டறாங்க. நீங்க மட்டும் மேல வெலாசம் போட்டுக் குடுத்திருக்கறீங்க.

— இல்லீங்ணா, இருக்காது. காலையில பொம்பளைங்க அந்தத் தண்ணியைச் சேந்தித்தானே கம்பத்துக்கு ஊத்தினாங்க? வாசல்ல நின்னு பாத்தேனுங்களே. யாரும் மூஞ்சியைச் சுளிக்கலை.

— கல்லு வெச்சுக் கட்டியிருக்கறான். அடியில கெடக்குது. இந்த வெய்யிலுக்கு ஊதிக்கிட்டு மேல வரும். நாளைக்கு வருமோ, அதுக்கு மக்கா நாள் வருமோ. மாவெளக்கு எடுக்கறப்ப வராம இருந்தாச் சரி.

— உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?

— பாத்த ஆளு ஒருத்தன். எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறான்.

— நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.

— எப்படிங்க பாப்பீங்க? கம்பம் நட்டுட்டாக் கறிக்கடைக்காரங்க அந்தக் கெணத்துப் படி மிதிக்கறதில்லையே. கம்பத்தை எடுத்துக் கெணத்துல உடற வரைக்கும் அந்தப் பக்கம் போகக் கூடாது. இந்த வருசம் உங்களைக் கடை தொறக்க உட்டதே பெரிசு.

— ஊர்ல யாருக்கும் விக்கலீங்க. பைபாஸ் ஓட்டலுக்கு மட்டும் உரிச்சுக் குடுக்கறேன். அதை உட்டா அந்த ஓட்டல்காரரு வேற ஆளைப் பாத்துக்குவாரு.

— தெரியுமுங்க. கோயில்காரங்க முன்னால கும்புட்டு நின்னு, ஒரு இறகுகூட வெளியில தெரியாதுன்னு நீங்க சொன்னப்ப நானும் அங்கதானே இருந்தேன்.

— குப்பாயக்காவைப் போய்ப் பாக்கச் சொல்றேன்.

— அவ மட்டும் பூக்கடையிலயா வேலை பாக்கறா? அவ எட்டிப் பாத்தா, எதுக்கு எட்டிப் பாத்தான்னு ஊரே வந்து எட்டிப் பாக்கும்.

— மதுமதியை அனுப்பறேன். அவ போலாமே.

— அனுப்புங்க. என்னன்னு சொல்லி அனுப்புவீங்க?

— எதாச்சும் சொல்லி அனுப்பறேன்.

— சொல்லிப் பாருங்க. மொதல்ல எங்கிட்டச் சொல்லிப் பாருங்க, எப்படி வருதுன்னு.

— மதுமதி, கோயில் கெணத்துல எம்பேரு போட்ட பை... வேண்டாமுங்ணா, சொல்ல வரலை.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம். தண்ணிங்காதீங்க.

— சரிங்க.

— கடை போனாப் போகட்டும். ஆத்தா கெணத்துல கொடலைப் போட்டவள்னு ஆயிட்டா இந்த ஊர்ல எப்படிங்க மூஞ்சி காட்டுவேன்? எம்புள்ளை யாழினி மாவெளக்கு எடுக்கறதுக்குப் புதுப் பாவாடை தெச்சு வெச்சிருக்கறா. அவளை வரிசையில இருந்து கையப் புடிச்சு வெளிய தள்ளுவாங்க. நான் போடலைன்னா யாரு கேப்பாங்க? நானே கேக்க மாட்டேன். வேற ஒருத்தி பேரு போட்ட பை மெதந்திருந்தா, நானும் அவளைத்தான் சொல்லியிருப்பேன்.

— அதுக்குத்தானுங்க ஓடி வந்தேன். எங்கிட்ட மோட்டார் இருக்குது. கெணத்துல எறங்கற ஆளுங்க இருக்கறாங்க. நோம்பிக்குக் கெணத்தைத் தூர் வாரித் தர்றது என்னோட வேண்டுதல்னு கோயில்காரங்ககிட்டச் சொல்லிக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள பை வெளிய வந்துரும். யாரு கண்ணுலயும் படாது.

— அதுக்கு நான் என்ன பண்ணோணும்?

— பழைய அக்ரிமெண்டைக் கிழிச்சுப் போட்டுரலாம். இது புதுசு. படிச்சுப் பாருங்க.

— தெனமுங்கறதைக் காணோம்.

— எடுத்துட்டோமுங்க. வசதிப்படும்போதுன்னு போட்டிருக்குது. யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் பாருங்க.

— வேற யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னும் போட்டிருக்குது.

— உங்களைப் பாத்துத்தான் இந்த வீதியே ஆள் மாத்தறதாப் பேசிக்கறாங்க. பேக்கரிக்காரங்க, மெஸ்ஸுக்காரங்க எல்லாரும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அவங்களும் பேசாமப் போட்டுருவாங்க.

— அப்ப மறுபடியும் ட்ரம்மு நாறும்.

— நாறுமுங்க. பழகிக்கலாம்.

— பேரூராட்சிக்காரர் வந்தா?

— எங்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கறேன்.

— எத்தனை வருசத்துக்குங்க இது?

— நீங்க கடை நடத்தற வரைக்கும்.

— அந்தச் சின்னுசாமிக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணினேன்? விடிகாலம் வந்தா அவனுக்குக் காப்பி வெச்சுக் குடுத்தேன். அக்கா உங்க கைப்பக்குவம் எங்க அம்மா மாதிரீன்னு சொல்லிக் குடிச்சான்.

— அவனை வெய்யாதீங்க, பாவம். பொழைக்கற ஆளு. உங்களைப் பத்தி அவன் ஒரு குறையும் சொன்னதில்லை.

— பேனா குடுங்க.

— இங்கீங்க. அடுத்த பக்கத்துலயும் ஒண்ணு.

— ரெண்டையும் ஒரே இழுப்புல போட்டர்றேன்.

— நிதானமாப் போடுங்க, அம்மிணி. அவசரமில்லை.

— எனக்கு அவசரம். போட்டாச்சு, புடியுங்க. ஆளை எறங்கச் சொல்லுங்க. பை மேல வந்து தொலைக்கறதுக்கு முந்தி, இப்பவே சொல்லுங்க.

— யாரும் எறங்க வேண்டியதில்லீங்க. பை இன்னும் கெணத்துக்கே போகலை, சின்னுசாமி வண்டியிலயேதான் இருக்குது. நான் சொல்ற வரைக்கும் போடாதேன்னு அவங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்.