பெம்பான் சபை மண்டபத்தின் நடுத்தூண்

கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் மறைக்காமல் எழுதுகிறேன். என் பெயர் கமலவேணி, தகப்பனார் கணேசமூர்த்தி, வயது பதினான்கு, மலாயாவில் பெம்பான் கடைத்தெருவில் துணிக்கடை மாடியில் குடியிருக்கிறேன். எனக்குத் தமிழ் நன்றாக எழுத வருமென்பதால் ஜாசின் காவல் நிலையத்தில் இதை நானே எழுத அனுமதித்தார்கள்.

நாடகமும் பாட்டும் நடத்த ஒரு மண்டபம் கட்டுவதென்று சென்ற 1935ஆம் ஆண்டு எங்கள் ஊர்ச் சபையில் முடிவாயிற்று. என் அப்பா சபைத் தலைவர். கட்டடப் படம் வரைந்தவர் மலாக்காவில் தெங்கேராவில் இருக்கும் தங்கராஜு அண்ணன். அவர் ரப்பர் மரத்தடியில் முளைத்த காளானைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி, ஒரே காம்பிலிருந்து சுற்றிலும் மடிப்புகள் விரிவதை எனக்குக் காட்டினார். கூரையும் அவ்வாறே, நடுவில் ஒரே தூணும் அதிலிருந்து விரியும் கைமரங்களுமாக அமைந்தது. தோட்டத்து வேலாயி அக்கா, "கறி வைக்கிறதக் கொண்டாந்து கட்டடம் கட்டுறாங்களாம் லா, வெயில் வந்தா வாடிப் போயிடாதா?" என்றார். தங்கராஜு அண்ணனும் சிரித்தார்.

அதன்பிறகு கூரை வேய்ந்து முடிந்ததும், வாசலுக்கு நேராகத் தூண் நிற்பது குத்து, அது ஊருக்கு ஆகாது என்று சபையார் சொன்னார்கள். தங்கராஜு அண்ணன் வாசலைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்றார். சுவரை இடித்துக் கட்டினால் தைப்பூசத்துக்குள் திறக்க முடியாது, தூணையே எடுத்துவிடலாம் என்று அப்பா மறுத்தார். "காம்ப எடுத்தா குடை நிக்காது அண்ணே" என்று தங்கராஜு அண்ணன் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அதன்பிறகு அவர் மலாக்காவில் தம் வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, மண்டபத்தில் தச்சுவேலை செய்த நாகமுத்து ஆசாரிக்குக் காப்பி கொண்டுபோனேன். அப்பா தூணை அறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தங்கராஜு வரட்டுமே தலைவரே, ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"அவன் வரைவான், போவான். இங்க இருக்கப்போறது நாம. ரெண்டு பக்கமும் சின்னக் காலு குடுத்துட்டு அறுய்யா."

ஆசாரி காப்பியைத் தொடாமல் அறுக்கத் தொடங்கினார். அதன்பிறகு அவரும் அப்பாவும் அடிக்கட்டையின் மேல் சிமெண்டு பூசினார்கள்.

மறுநாள் பிற்பகல் பெருமழை. தங்கராஜு அண்ணன் இன்னும் திரும்பவில்லை. உள்ளே பிள்ளைகள் பாட்டு ஒத்திகையில் இருந்தார்கள். கூரை முனகுவதைக் கேட்டு ஆசாரி உள்ளே ஓடி அவர்களை வெளியே தள்ளினார். கடைசிப் பிள்ளையான ஜெயமணியைத் தள்ளியபோது கூரை இறங்கியது. ஆசாரியின் உடலை எடுத்தபோது அவர் காதில் செருகியிருந்த பென்சில் அப்படியே இருந்தது.

படம் தவறென்றும் தூண் தானாக முறிந்ததென்றும் அப்பா சொன்னதால் தங்கராஜு அண்ணன் காவலில் இருக்கிறார். அறுத்ததைக் கண்டவர்களில் அப்பாவும் நானுமே மிச்சம். "உனக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துல இருந்தேன்னு சொல்லும்மா" என்று அப்பா நேற்று சொன்னார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. சிமெண்டைப் பெயர்த்துப் பார்த்தால் ரம்பம் பட்ட அடிக்கட்டை தெரியும்.

எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். இந்த அறைக்கும் வெளியறைக்கும் இடையில் இருப்பது பலகைச் சுவர்தான். என்னை அழைத்து வந்த அப்பா அந்தப் பக்கம் பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தார். தூண் அறுத்த இடத்தைப் படித்தபோது இருமல் நின்றது. தங்கராஜு அண்ணனை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு என்றார் இன்ஸ்பெக்டர். நான் யாருடன் வீட்டுக்குப் போவது என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

இதில் உள்ளதெல்லாம் நான் அறிந்த உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

க. கமலவேணி