கட்டுரை கேட்டு ஒரு கார்டு

மொரிஷியஸில், வக்குவா ஊரில் பஸ் ஏறினேன். ஆடை ஆலைக்குப் போகும் பெண்கள் கிரியோலில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் மட்டும் தமிழ் கேட்டதால் காது தானாக அங்கே போனது. ஒருவர் கோயில் குருக்கள், மற்றவர் தமிழ் வாத்தியார். இருவரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

“என் பையனுக்கே முன்பின் தெரியாதவன் மாதிரி கார்டு போட்டேன் சார்” என்றார் குருக்கள்.

“அமெரிக்காவுல மூளை ஆராய்ச்சி பண்றாரே, அவருக்கா?”

“ஆமா. பூஜைக்கு வரமாட்டேன், எலி மூளையைத்தான் அறுப்பேன்னு போனவன். ஏழு வருஷமாப் பேச்சில்லை. ‘தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும்’னு எழுதினேன். யார் கேட்டாலும் அனுப்புவாளாம், அது ஆராய்ச்சிக்காரா வழக்கம்.”

“உங்க பேரைப் போட்டா?”

“என் பேரைத்தான் போட்டேன்.”

“அனுப்பினாரா?”

“அடுத்த மாசமே வந்துடுத்து. உள்ளே ஒரு வரி எழுதலை. ஆனா கவர்ல விலாசம் அவன் கையெழுத்து.”

“கட்டுரை புரிஞ்சுதா சாமி?”

“எலி தூங்கறதுன்னு புரிஞ்சுது. கடைசிப் பக்கம்தான் நன்னாப் புரிஞ்சுது. தான் முன்னாடி எழுதின நாலு கட்டுரையோட பேரையும் அங்கே போட்டிருக்கான்.”

“அதனால?”

“இன்னும் நாலு கார்டு போடலாமே சார்.”