சாஹ்லான் நிறுத்திய இடம்

– காலைத் துதி நடுவுல வாயை மூடிக்கிட்டு நின்னீரே சாஹ்லான், அதை என்னன்னு எடுத்துக்கிறது?

– நின்னேன். அவ்வளவுதான், தலைவரே.

– அவ்வளவுதானா? இந்த ஃபுஸ்தாத்துல நம்ம யூத ஜெபக்கூடம் இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்தாத் பெரியவங்க வகுத்துக் குடுத்த முறைப்படி ஜெபம் பண்ணுது. அதுலயா ஓய் உம்ம வீம்பு?

– வீம்புன்னு யார் சொன்னா?

– சபையே சொல்லுது. ‘வாராவாரம் புதுசாக் கட்டிப் பாடுறவன் நான், எங்கயோ இருக்கிறவன் வகுத்ததை ஒப்பிக்க மாட்டேன்’னு சபைக் கூட்டத்துல குதிச்சது யாரு? நானா, இந்த ஹல்ஃபோனா?

– நான்தான். இப்பவும் சொல்றேன், என் பாட்டு அதைவிட நல்ல பாட்டு.

– நல்ல பாட்டுதான் ஓய். கேட்டு அழுதிருக்கேன். ஆனா நீரு பாட, நாங்க ஆமென் சொல்ல, ஆயுசு முழுக்க அதுதானே நடந்துச்சு? உமக்கு இருமல் வந்தா ஊருக்கே ஜெபம் கிடையாது.

– இன்னிக்கு நான் நிறுத்தினதும் ஜெபம் நின்னு போச்சா?

– நிக்கலை. அதான் உமக்கு விழுந்த அடி. பின்வரிசையில அந்தச் சாயக்காரன் ஃபரஜ், எழுத்து வாசனையே இல்லாதவன், நீரு விட்ட இடத்துல பிடிச்சான். அப்புறம் சுமைக்காரங்க. மேல மாடத்துல பொம்பளைங்க. ஒரு சொல் பிசகலை. எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சு ஓய்.

– எனக்கும்.

– உமக்கென்ன? இன்னிக்கு ஓய்வுநாள், வேலை கூலிப் பேச்சு ஆகாது, அதனால உம்மை விட்டேன். பொழுது சாயட்டும், வேற ஆளை முன்னால நிறுத்துவோம். ஃபரஜே போதும்போல.

– நிறுத்துங்க. நல்ல குரல். மூச்சுதான் பத்தாது, நீள அடி வந்தா திணறுவான்.

– அதெப்படி உமக்குத் தெரியும்?

– சாயப்பட்டறைத் தெருவுல சாயங்காலமானா இந்தப் பாக்தாத் ஜெபத்தை நான் சொல்வேன், ஃபரஜும் சுமைக்காரங்களும் திருப்பிச் சொல்வாங்க. வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிக்குச் சொல்வாங்க. கூட்டத்துல நான் தோத்தேன். தோத்தப்புறம் அரைகுறையாச் செய்ற பழக்கம் எனக்கு இல்லை.

– நீரா சொல்லிக் குடுத்தீரு? அப்ப எதுக்கய்யா நிறுத்தினீரு?

– நான் பாடிட்டே இருந்தா, அவங்க பாடுறது எனக்கு எப்படிக் கேக்கும், தலைவரே?