ஏற்றத்தில் மூச்சு வாங்காதவன்

காலுக்கு எண்ணெய் போடுமுன் அதை நம் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், ஐயா. நிறையப் பேர் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். நான் விட்டதில்லை. எங்கள் சைக்கிள் பந்தய அணியில் எல்லாருக்கும் கால் பிடித்துவிடுவது என் வேலை. அவன் மட்டும் கூடுதலாக எனக்கு உறவு, மனைவியின் தம்பி.

நானும் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவன்தான். ஊக்கமருந்து ஊசியும் போட்டுக்கொண்டேன், அப்போது போடாதவர் யார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் முதல் பத்துக்குள் வந்ததில்லை. இவனோ மலையேற்றத்தில் வாயை மூடிக்கொண்டு, ஏதோ காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி எல்லாரையும் தாண்டிப் போனான். பிறவித் திறமை என்றார்கள். எனக்கா காது குத்துகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் அறையைச் சல்லடை போட்டுச் சலித்தேன். பெட்டி, காலுறை, பற்பசைக் குழாய்கூட. ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததுதான் சந்தேகத்தை வளர்த்தது. ஒருநாள் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா தேடறீங்க? கேட்டா நானே எடுத்துத் தரமாட்டேனா?"

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

அப்புறம் யோசித்தேன். ஏற்கனவே மருந்து ஏற்றுகிறவனுக்கு இன்னொரு ஊசியால் பெரிய வித்தியாசம் வராது. சுத்தமானவன் என்றால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பயிற்சி நாளில், சத்து ஊசி என்று சொல்லிப் போட்டேன். அவன் சட்டைக்கையை மடித்துவிட்டு அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அன்று அதே மலையில் பறந்தான். அதுவரை ஓட்டியதெல்லாம் அவன் சொந்த வேகம் என்று அப்போதுதான் நிச்சயமானது. சாலையோரம் நின்று அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன.

அடுத்த பந்தயத்தில் ஜெயித்தான், பரிசோதனையில் மாட்டினான். தடை போட்டார்கள். அணி கைகழுவிவிட்டது. கூடப்பிறந்த அக்காவே முகம்கொடுத்துப் பேசவில்லை. எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நீங்களாவது என்னை நம்புறீங்களா மாமா?"

"நம்புறேன்டா," என்றேன். அதில் எள்ளளவும் பொய் இல்லை. அவன் சுத்தமானவன் என்று ஆதாரத்தோடு தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பயிற்சியிலேயே நிச்சயமாகிவிட்டதென்றால், பந்தயத்தன்று காலையில் இரண்டாவது ஊசி எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாதல்லவா, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். ஜெயிக்கிறவனை அங்கேயே பரிசோதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி போடாவிட்டாலும் அவன்தான் ஜெயிப்பான் என்றும் தெரியும்.