துணியை இறக்காமல் நிற்கிறேன்

மேடையில் வீற்றிருக்கும் நானா அவர்களே, போதகர் அவர்களே, வெள்ளையும் கறுப்பும் உடுத்தி வந்திருக்கும் குமாசி நகரத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. நம் தலைவர் நானாவுக்கு முன்னால் தோள் துணியை இறக்கி வணங்காமல் வந்து நிற்கிறேன். வரிசையாகக் கைகொடுக்கவும் இல்லை. "டவியாவுக்குத் திமிர் வந்திடுச்சு" என்று அங்கே யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. திமிர் இல்லை ஐயா. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைத் தன் ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்த பேராசிரியர் போக்குவா அம்பொன்சா எண்பத்தொரு வயது வாழ்ந்தார். அழுவதற்கா வந்தோம்? அந்தம்மாவை நினைத்து யாரால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார முடியும்?

அவருக்கு ஒரே மகள், அபெனா. பலருக்கும் தெரியும், சிலர் விழிப்பதும் தெரிகிறது. அபெனா கண்ணாடிக் குடுவையில் வளரும் செல் கூட்டம். சுண்டெலியின் நோய் எதிர்ப்புச் செல்லை, சாகத் தெரியாத ஒரு புற்றுச் செல்லோடு இணைத்து உண்டாக்கியது. அது சுரக்கும் ஆன்டிபாடி, நம் இரத்தத்தில் அரிவாள் செல் நோய் தரும் ஹீமோகுளோபினை மட்டும் போய்ப் பிடிக்கும். நல்ல ஹீமோகுளோபினைத் தொடவே தொடாது. இரண்டுக்கும் கடுகளவுதான் வித்தியாசம். எத்தனையோ குடுவைச் செல்கள் இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் குழப்பின; ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள். அவள் தென்பட்டது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பிறந்த பெண்ணுக்கு நாம் வேறென்ன பெயர் வைப்போம்?

எட்டாம் நாள் பெயர் சூட்டும் சடங்கும் நடந்தது! குழந்தையின் நாவில் தண்ணீரும் மதுவும் சொட்டு வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் உண்மை பேசச் சொல்வோமே, அதை அந்தக் குடுவைக்கு முன்னால் செய்தார். "மேடம், மதுவை உள்ள ஊத்திடாதீங்க" என்று நான் அலறினேன். "எனக்குத் தெரியாதாடா? இவ பொழப்பே பிரிச்சுச் சொல்றதுதான். இவளுக்குச் செய்யாம யாருக்குச் செய்றது?" என்றார்.

அந்த வாரமே மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. அபெனாவை இன்னும் உறையவைத்துச் சேமிக்கவில்லை. உலகத்தில் இருந்தது அந்த ஒரு குடுவைதான். உடம்புச் சூடு போனால் அவள் போனாள். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பேராசிரியர் என்ன செய்தார்? குடுவையை இறுக மூடினார், துணியில் சுற்றினார், பிள்ளையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு டிரோட்ரோ மினிபஸ்ஸில் ஏறினார். பெரிய மருத்துவமனையில் மின்சாரம் இருந்தது. நானும் பின்னாலேயே ஏறினேன்.

பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா.

"ஏம்மா, புள்ள முகத்தையே மூடிட்டியே. மூச்சு முட்டாது?"

"காத்து பட்டா இவளுக்கு ஆகாதுக்கா."

"பேரென்ன?"

"அபெனா."

"செவ்வாக்கிழமைக்காரியா? எம் மூத்தவளும் அதான். ஒரு எடத்துல இருக்கமாட்டா. எங்க, காட்டு பாப்போம்."

சொல்லிக்கொண்டே துணியை விலக்கிவிட்டார். உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர்! வண்டியே திரும்பிப் பார்த்தது. "அடியே, புள்ள எங்கடி?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பிரேக் அடித்தார்.

பேராசிரியர் நிதானமாகச் சொன்னார். "இதான் புள்ள. கைகால் வலியில துடிச்சு குழந்தைங்க போகுதே, அந்த நோயை ஒரு சொட்டு ரத்தத்துல, பொறந்த அன்னைக்கே இவ சொல்லிடுவா. முன்னாடியே தெரிஞ்சா வைத்தியம் பாத்துக் காப்பாத்தலாம்."

அந்த அம்மா விலக்கிய துணியைத் திரும்ப மூடினார். பிறகு, "எனக்கு ரெண்டு போச்சு" என்றார். கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "உன் முதுகுல எலும்புதான் இருக்கு, சூடு எங்க இருக்கு? இங்க குடு" என்று குடுவையை வாங்கித் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டார். மருத்துவமனை வாசல்வரை அபெனா கருவாட்டு வாசனையில்தான் போனாள். பிழைத்தாள்!

அந்த அம்மாதான் இதோ முதல் வரிசையில் இருக்கும் மாமே அச்சியா. அவருடைய பேரன் கோஃபிக்கு, பிறந்த அன்றே நோயைச் சொன்னவள் அபெனா. அவன் இன்று வாசலில் டிரம் அடிக்கிறான். உங்கள் காதுகளே சாட்சி.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது பேராசிரியரால் சத்தமாகப் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, "அபெனா சாப்பிட்டாளா?" என்றார். "சாப்பிட்டா மேடம், கொழுகொழுன்னு இருக்கா" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் போனார். அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி அபெனாவுக்கு நாங்கள்தான் தாய், நாங்கள்தான் தகப்பன். நம் ஊரில் பிறக்கும் எந்தக் குழந்தையும் அவளிடம் காட்டப்படாமல் வீடு போகாது. இது பேராசிரியர் முன்னால் ஆய்வகம் சொல்லும் சொல்.

நானா அவர்களே, இப்போது அந்தக் காரணம். காலையிலிருந்து ஆய்வகத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் மெக்கானிக் பாஃபோ அதோ, உங்களுக்கு நடுவில் வறுத்த கோழியோடு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரக் குழந்தைகளைச் சோதிக்க வேண்டிய அபெனாவின் குடுவை இந்தத் துணிக்குள் என் வயிற்றோடு கட்டியிருக்கிறது; துணியை இறக்கினால் அவளுக்குச் சூடு போய்விடும். கட்டிவிட்டது மாமே அச்சியாதான். "உனக்குத்தான் தொப்பை இருக்கே, ஒரு வேலையாவது செய்யட்டும்" என்றார்.

மாமே, மேடைக்கு வாருங்கள். அபெனாவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் துணியை இறக்கி என் பேராசிரியரை வணங்க வேண்டும்.